எர்த் போல்ட்டின் மேல் பெயின்ட்

ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள் காலை, எங்கள் பிக்கப் வண்டி இழுத்துச் சென்ற டிரெய்லரைப் பின்னால் வந்த லாரி இடித்தது. படப்பை சாலைத் திருப்பத்தில் டிரைவர் பிரேக் போட்டிருக்கிறார். டிரெய்லரில் சிவப்பு விளக்கு எரியவில்லை. யாருக்கும் அடியில்லை, பின்பலகை மட்டும் நசுங்கியிருந்தது. வண்டி ஒரகடத்தில் எங்கள் கம்பெனி கேட்டுக்குள் நுழைவதற்கு முன்பே குற்றவாளி யாரென்று முடிவாகிவிட்டது. நான்தான்.

ஒரு மாதம் முன்பு அந்த டிரெய்லருக்கு வயரிங் செய்தவள் நான். டிப்ளமோ முடித்து, தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, பராமரிப்புப் பிரிவில் டிரெய்னியாக இருந்தேன். என்னை நிரந்தரமாக்கலாமா, அனுப்பிவிடலாமா என்று அந்த வாரக் கடைசியில் சூப்பர்வைசர் எழுதிக்கொடுக்க வேண்டும்.

"இன்னாம்மா வயரிங் பண்ண நீ? கோலம் போடற மாதிரி கலர் கலரா இழுத்து வுட்டா போதுமா?" என்றார் அவர், எல்லோர் முன்னாலும். "மத்தியானம் லோடு போவணும். வெளிய இருந்து ஆள இட்டாறேன். நீ போய் ரெஜிஸ்டர் எழுது."

"நான் பாக்கேன் சார். மத்தியானத்துக்குள்ள கண்டுபிடிச்சிருவேன்."

"கண்டுபிடிக்கலன்னா?"

"நீங்க எழுத வேண்டியத எழுதிக்கோங்க."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் கோபம் வந்தால் எனக்கு ஒரு பழக்கம். வரிசை போட ஆரம்பித்துவிடுவேன். சட்டைப்பை நோட்டில் எழுதினேன்: ஃபியூஸ், பல்பு, பிளக், சிவப்பு வயர், வெள்ளை வயர்.

ஃபியூஸ் போகவில்லை. பல்புகளைக் கழற்றி நேராக பேட்டரியில் வைத்தேன், எரிந்தன. டிரெய்லரைப் பிக்கப்போடு இணைக்கும் பிளக்கின் ஏழு முனைகளும் சுத்தமாக இருந்தன. டிரைவர் வாலாஜாபாத்துக்காரர், என் அப்பா வயது. காலையிலிருந்து டீகூடக் குடிக்காமல் நின்றிருந்தார். பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். மிதித்தார். சிவப்பு பளிச்சென்று எரிந்தது.

"எரியுதா?" என்று தலையை வெளியே நீட்டினார். "ரோட்ல எரியலன்னு அந்த லாரிக்காரன் கத்துனானேம்மா. நான் இன்னா பொய்யா சொல்றேன்?"

"ரெண்டு பேரும் சேந்துகினு படம் காட்றீங்களா?" என்று ஷெட்டிலிருந்து சூப்பர்வைசரின் குரல் வந்தது. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

நின்றால் எரிகிறது, ஓடினால் அணைகிறது. "அண்ணே, பிரேக்க லேசா மிதிச்சுக்கிட்டே அந்த ஸ்பீடு பிரேக்கர்ல ஏத்துங்க" என்று சொல்லிவிட்டுப் பின்னாலேயே நடந்தேன். சக்கரம் குலுங்கியதும் சிவப்பு செத்தது. அதற்குப் பதில் இரண்டு இண்டிகேட்டர்களும் மங்கலாக எரிந்தன. பிரேக் விளக்குக்குப் போன மின்சாரம் திரும்பிவர வழியில்லாமல் கிடைத்த விளக்கிலெல்லாம் புகுந்துகொண்டிருந்தது. எர்த் போய்விட்டது. எர்த்துக்காக நான் போட்டது என் பட்டியலின் கடைசிப் பெயர், வெள்ளை வயர்.

அதை அடிச்சட்டத்தில் ஒரு போல்ட்டில் இறுக்கியிருந்தேன், அந்த இடத்து இரும்பை நன்றாகச் சுரண்டிவிட்டு. கீழே படுத்துப் பார்த்தேன். போல்ட் இருந்தது. வயர் இருந்தது. இரும்பு தெரியவில்லை, அதன் மேல் புத்தம்புது நீலப் பெயின்ட்.

பூஜைக்கு வண்டிகளைக் கழுவி, பெயின்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைப்பது எங்கள் கம்பெனி வழக்கம். இந்த முறை போல்ட்டைக் கழற்றி, நான் சுரண்டிய இடத்தில் தடிமனாகப் பூசி, காய்ந்தபின் வயரை அதன் மேலேயே இறுக்கியிருக்கிறார்கள். வண்டி நிற்கும்போது இழுவைக் கொக்கியின் இரும்பு எப்படியோ எர்த்துக்கு வழி கொடுத்தது. குலுங்கினால் அதுவும் விட்டுப்போனது. பெயின்ட் அடிக்கச் சொன்னவர் யார் என்று எனக்குத் தெரியும். "அடியில கூட வுடாதீங்கடா, சாமி எல்லாத்தையும் பாக்கும்" என்று சூப்பர்வைசர் சொன்னபோது பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

உடனே சுரண்டவில்லை. அவரிடம் போனேன். "சார், வந்து குனிஞ்சு பாருங்க."

தொப்பையைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். அவர் கண் முன்னாலேயே பெயின்ட்டைச் சுரண்டி வயரை இறுக்கினேன். டிரைவர் மறுபடி ஸ்பீடு பிரேக்கரில் ஏற்றினார். சிவப்பு அசையவில்லை.

"சரி சரி. ரிப்போர்ட்ல லூஸ் கனெக்‌ஷன்னு எழுதிடு."

லூஸ் என்றால் இறுக்காமல் விட்டவள் நான் என்று அர்த்தம். "லூஸா இல்லையே சார். பெயின்ட் மேல டைட்டாத்தான் இருந்துச்சு."

"சாமிக்குப் பண்ணதும்மா. அத்தப் போய் தப்புன்னு எழுதுவியா?"

"சாமிய எழுதல சார். பெயின்டத்தான் எழுதுறேன்."

டிரைவர் இறங்கி வந்தார். "இடி வாங்கினது நானு சார். இருக்கறத எழுதட்டும்."

எழுதினேன்: பூஜைக்கு அடித்த பெயின்ட் எர்த் இணைப்பைத் தடுத்தது, சுரண்டிச் சரிசெய்யப்பட்டது. சூப்பர்வைசர் படித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். மத்தியான லோடு போனது.

வாரக் கடைசியில் என்னை நிரந்தரமாக்கினார்கள். என்னைப் பற்றி அவர் எழுதியிருந்தது இரண்டே வரி: வேலை நன்று. பேச்சைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அன்றிரவு ஹாஸ்டலில் நோட்டை எடுத்து, அந்தக் காலையில் அவரிடம் நான் பேசியதையெல்லாம் வரிசையாக எழுதிப் பார்த்தேன். ஐந்து முறை வாய் திறந்திருக்கிறேன். குறைப்பதற்கு அதில் எந்த வரியும் எனக்கு அகப்படவில்லை. இன்றுவரை அகப்படவில்லை.