பிழைத்த புழுக்கள்

ஆய்வகத்து மேசையில் இருந்த கண்ணாடித் தட்டின்மேல் குனிந்து, செத்துக் கிடந்த புழுக்களை அந்த அண்ணன் சிரித்துக்கொண்டே பார்த்த பார்வை என் கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. போடிமெட்டுக்கு மேலே ஒன்றரை ஏக்கர் ஏலத்தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர். ஏலத்தண்டைத் துளைத்து, உள்ளேயே குடியிருந்து குருத்தைத் தின்னும் புழு அது. என் ஆராய்ச்சிக்காக அந்தப் புழுக்களைத் தண்டோடு வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றி, ஜீப்பிலும் பஸ்ஸிலுமாக மதுரைக்குக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். "இதுக சாகுறத ஒரு நா கண்ணால பாக்கணும் தாயி" என்பார்.

புழுவின் ரத்தத்தில் ஓடும் சர்க்கரையை உடைத்து அதற்குத் தெம்பு கொடுப்பது ஒரு நொதி. அந்த நொதியை உண்டாக்கும் மரபணுவை அடக்கிவிட்டால், வயிறு நிறையத் தின்றாலும் புழு வளராது, தோலுரிக்க முடியாமல் செத்துப்போகும். அடக்கினேன், செத்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டி, "இனிமே கவலைய விடுங்கண்ணே, மருந்து வந்துரும்" என்று சொல்லிவிட்டேன். பாவி, எப்போது வரும் என்று சொன்னேனா? இன்னொரு முறை செய்து பார்க்க வேண்டும் என்றாவது சொன்னேனா? "அப்ப இந்தத் தடவ பழைய மருந்த அடிக்கல. அத அடிச்சு அடிச்சு எனக்கு மூச்சு வாங்குது. ஒன் மருந்துக்குக் காத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுவாரம் திரும்பச் செய்தேன். ஒரு புழுகூடச் சாகவில்லை. அந்த நொதிக்கு மரபணு இரண்டு. ஒன்றை அடக்கினால் மற்றது அதன் வேலையையும் சேர்த்து இழுத்துப் போட்டுச் செய்தது. கொழுகொழுவென்று வளர்ந்தன, சனியன்கள். முதல் தடவை எதனால் செத்தனவோ, இன்றுவரை தெரியாது. அன்றைக்கே அவருக்குப் போன் செய்திருக்க வேண்டும். மலையில் அந்தப் புழுவின் முட்டையை இடும் அந்துப்பூச்சி பறக்கத் தொடங்கியிருந்தது. முட்டையிலிருந்து வரும் புழு தண்டுக்குள் நுழையும் முன்னே அடித்தால்தான் எந்த மருந்தும் கேட்கும். எனக்குத் தெரியாததா அது? மூன்றாவது தடவையும் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நாளைக் கடத்தினேன். அவர் பெயர் போனில் வரும்போதெல்லாம் அதைக் கவிழ்த்து வைத்தேன். மூன்றாவது தடவையும் புழுக்கள் பிழைத்துக்கொண்டன.

அதற்குமேல் தாங்காமல் ஜீப் பிடித்து மேலே போனேன். தோட்டம் முழுக்க நடுக்குருத்து காய்ந்து நின்றது. அவர் மனைவி என் முகத்தைப் பார்க்காமல் வெட்டிய தண்டுகளைக் குவித்துக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் சொல்லி அழுதேன். அண்ணன் குனிந்து அடுத்த தண்டை வெட்டினார். திட்டியிருந்தாலும் தேவலை.

குத்தகை அவர் கையைவிட்டுப் போனது. அந்த இரண்டாவது மரபணுவைப் பற்றி எழுதித்தான் நான் டாக்டர் பட்டம் வாங்கினேன். இப்போது அவர் வேறொருவர் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறார். போன வாரம் போடியில், ஆள் ஏற்றும் ஜீப்பருகே எதிரில் வந்தார். கண்டுகொள்ளாமல் போய்விடுவார் என்று பார்த்தால், நின்றார்.

"செத்ததக் கூப்புட்டுக் காட்டுனியே தாயி. பொழச்சதையும் ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம்.