புரியாமல் சொன்ன ஒரு ‘ஆமாங்க’

2007 வாக்கில் நடந்தது இது. அப்போது திருப்பூர் மங்கலம் ரோட்டில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தேன். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. சாயப்பட்டறைக்குப் போன துணி எப்போது திரும்பும் என்றும் தெரியாது. படுத்தால் தூக்கம் வராது, உட்கார்ந்தால் கண் சொருகும். அப்படி ஒரு அலுப்பு.

அந்தச் சமயத்தில் எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் போனில் பேசினார். அவருடைய இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் பிடிபடும். எங்கள் பக்கத்தில் பேசுகிறவரின் முகம் கோணக் கூடாது, அதுதான் மரியாதை என்று, புரிந்தாலும் புரியாவிட்டாலும் ‘ஆமாங்க’ என்று தலையாட்டிவிடுவோம். நானும் ‘எஸ், எஸ்’ என்று சொல்லி வைத்தேன். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த, ஆர்டர் வேலைகளைப் பார்க்கும் எங்கள் மெர்ச்சண்டைசர் பெண் தலையில் கை வைத்துக்கொண்டார். பையர் கேட்டது, கோல்ஃப் ஆடுவீர்களா என்று. அடுத்த மாதம் கோயம்புத்தூரில் என்னோடு ஆட வருகிறாராம்.

எனக்குத் தெரிந்த ஆட்டம் கிட்டிப்புள் ஒன்றுதான். ஆனால் அந்த பையர் தரும் ஆர்டர் கைவிட்டுப் போனால் கம்பெனி நிற்காது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் கோயம்புத்தூர் போய் ஒரு கோச்சிடம் சேர்ந்தேன். என் வயதுதான் அவருக்கும். வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்துப் பழகியவர், மகா பொறுமைசாலி. கால்களைத் தோள் அகலத்துக்கு வைக்க வேண்டும், முழங்காலை லேசாகத் தளர்த்த வேண்டும், தலை அசையக் கூடாது என்று அடிப்படையிலிருந்து ஆரம்பித்தார். தூங்குகிற குழந்தையின் கையைப் பிடிப்பது போல மட்டையைப் பிடிக்கச் சொன்னார். நான் பஸ் கம்பியைப் பிடிப்பது போல இறுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் புரிந்ததா என்று கேட்பார். நானும் விடாமல் ஆமாங்க என்பேன். பாதி நேரம் என் மனசு சாயப்பட்டறையில் இருக்கும்.

மூன்றாவது வாரம் என்று நினைவு. நான் மட்டையை ஓங்கியபோது அவர் என் இடப்பக்கம் கொஞ்சம் தள்ளி நின்று, “வுடுங்க, அப்படியே வுடுங்க” என்றார். நான் விட்டேன். மட்டையையே விட்டுவிட்டேன். அது சுழன்றபடி அவர் காதை ஒட்டிப் போய்ப் புல்லில் விழுந்தது.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஓடிப் போய்த் தண்ணீர் கொடுத்தேன். அதைக் குடித்துவிட்டுச் சொன்னார்.

“தோளைத் தளத்தி வுடச் சொன்னனுங்க. புரியலீன்னா புரியலீன்னு சொல்லிப்போடுங்க. ஏனுங்க எல்லாத்துக்கும் ஆமாங்கறீங்க?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ‘ங்க’ போட்டுக் கேட்டதுதான் என்னை உடைத்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பையரிடம் சொன்ன எஸ்ஸிலிருந்து, முடியாத தேதிக்கெல்லாம் தலையாட்டியது வரை கொட்டித் தீர்த்தேன். இன்றைக்கு மட்டையைத் தொட வேண்டாம், வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள் என்று அனுப்பிவைத்தார்.

பையர் வந்தார். எனக்கு ஆடத் தெரியாது, அன்றைக்கு நீங்கள் கேட்டது புரியவில்லை என்று மெர்ச்சண்டைசர் பெண்ணை விட்டே சொல்லச் சொன்னேன். சிரித்துவிட்டார். ஆனால் சரக்கை இன்னும் பத்து நாள் முன்னால் அனுப்பச் சொன்னபோது, முடியாதுங்க என்று நானே சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. பாதி ஆர்டரை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மீதியை வைத்துக்கொண்டு அந்த வருடத்தை எப்படியோ ஓட்டினோம்.

கோல்ஃபும் வரவில்லை, அலுப்பும் முழுசாகப் போகவில்லை. ஆனால் ஒன்று மட்டும் உறைத்தது. அதுவரை நான் சொன்ன ஒவ்வொரு ஆமாங்கவுக்கும் விடிய விடியக் கண்விழித்தவர்கள் என் டெய்லர்கள்தான். அன்றைக்கு அந்த மட்டை ஒரு விரற்கடை கோச்சின் பக்கம் தள்ளிப் போயிருந்தால், அந்த மனிதரின் பெண்டாட்டி பிள்ளைகளிடம் நான் எந்த மரியாதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருப்பேன்?