கௌதாரிக்கு எந்த ஊதல்? ஆனேக்கல் காட்டோரம் ஒரு ஞாயிறு

ஆனேக்கல் பக்கம் பறவை பார்க்கப் போகலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். போகலாம். ஆனால் நான் அங்கே முதன்முதலாகப் போனது பறவை பார்க்க அல்ல, சுட. 1959, பொங்கல் முடிந்து வந்த ஞாயிறு. அன்றைக்கு லைசென்ஸ் இருந்தால் கௌதாரி சுடலாம். இப்போது அது குற்றம். அதனால் வழியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் அப்போது நகரத்துக்குள் ஜோகுபாளையத்தில் குடியிருந்தோம். கல்யாணமாகி மூன்றாவது வருஷம். என் கணவர் முனுசாமிக்கு ஒரு தொழிற்சாலையில் தகடுகளுக்கு ரிவெட் அடிக்கும் வேலை. ராகி அறுப்பு முடிந்ததும் வேட்டைக்குக் கிளம்பிவிடுவார். எப்போதும் இரண்டு பறவையாவது கொண்டுவருபவர், அந்த வருஷம் இரண்டு தடவையும் வெறுங்கையோடு வந்தார். "பறவையே இல்ல" என்றார். நம்பினேன்.

மூன்றாவது தடவை கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம், பறவைகளைக் கூப்பிடும் சாமான்களைப் பாயில் பரப்பி வைத்திருந்தார். கௌதாரிக்கு மூங்கில் ஊதல். காடைக்குப் பித்தளைக் குழல். மூன்றாவது ஒரு மரப்பெட்டி. மூடியை அதன் விளிம்பில் தேய்த்தால் கொக்கரிக்கும். தொழிற்சாலைக்கு வந்திருந்த அமெரிக்க இன்ஜினியர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. அவர்கள் ஊரில் காட்டு வான்கோழியை அதை வைத்துத்தான் கூப்பிடுவார்களாம். நம் பக்கத்துக் காட்டில் வான்கோழிக்கு எங்கே போவது?

"எத எடுத்துட்டுப் போலாம், ராணி? எல்லாத்தையும் போட்டா பையில கடகடன்னு சத்தம் வரும்" என்று கேட்டுக்கொண்டே துப்பாக்கியைத் துடைத்தார்.

நான் விளையாட்டாக மூங்கில் ஊதலை எடுத்து, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று ஊதினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவர் திரும்பவில்லை. இன்னும் பலமாக ஊதினேன். துடைத்துக்கொண்டே இருந்தார்.

எதிரே போய் உட்கார்ந்தேன். என் கையிலிருந்த ஊதலைப் பார்த்தார். துணியைக் கீழே வைத்தார்.

"ஊதினியா?"

"ரெண்டு தரம்."

ஊதலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ கிட்ட நின்னு பேசறது கேக்குது. மெல்லிசா, கீச்சுன்னு வர்றதுதான் கேக்கல. எல்லாம் ரிவெட் சத்தத்தால வந்தது. ஆறு மாசமா இப்படித்தான். ஃபாக்டரில தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"எங்கிட்ட சொல்லலாம் இல்ல?"

"உன்கிட்ட சொன்னா நெஜமாயிடும்னு தோணுச்சு."

எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவர் இன்னும் ஒடுங்கிப்போவார் என்று அடக்கிக்கொண்டேன்.

அவருக்கு மரப்பெட்டியைத்தான் எடுத்துப்போக ஆசை. அதன் சத்தம் கட்டையாக இருக்கும், கையிலும் அதிரும். ஆனால் அதற்குக் கௌதாரி வராது; இரண்டு கையாலும் தேய்த்தால் துப்பாக்கியை யார் பிடிப்பது? பித்தளைக் குழலில் எனக்கு வெறும் காற்றுதான் வந்தது. கடைசியில் மூங்கில் ஊதல் ஒன்றே போதும் என்று முடிவானது. ஊதுவது நான், பதில் கேட்பதும் நான். வலப்பக்கம் பதில் வந்தால் அவருடைய வலது தோளைத் தொட வேண்டும், இடப்பக்கம் என்றால் இடது. அன்று தூங்கும்வரை எனக்கு ஊதக் கற்றுக்கொடுத்தார். சரியாக ஊதுகிறேனா என்பதை என் கன்னம் உப்புவதைப் பார்த்துத்தான் சொன்னார்.

கலாசிபாளையம் பஸ் ஸ்டாண்டில் முதல் பஸ். ஆனேக்கல் அங்கிருந்து இருபத்திரண்டு மைல், அன்றைக்கு டிக்கெட் ஒரு ரூபாய்கூட ஆகாது. கோணியில் சுற்றிய துப்பாக்கியைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கவில்லை. இறங்கி, தெற்கே மூன்று மைல் நடந்தால் என் கணவருக்குப் பழக்கமான விவசாயி ராச்சப்பாவின் நிலம். ராகி அறுத்த காடு, அதைத் தாண்டினால் உண்ணிச்செடிப் புதர். அவர் வீட்டில் கன்னடம். எங்களோடு பேசுவது ஒரு மாதிரித் தமிழ்.

"ஹெண்டத்தியும் வேட்டைக்கா? கௌஜல ஹக்கி பாவம்!" என்று சிரித்தார். பெண்டாட்டியும் வேட்டைக்கு வந்துவிட்டால் கௌதாரி பாவம் என்கிறார்.

புதருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஊதினேன். மூன்றாவது தடவை பதில் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வலது தோளைத் தொட்டேன். பறவை ஓடி வெளியே வந்தது, சுட்டார், விழுந்தது. என்னைத் திரும்பிப் பார்த்த அந்த மலர்ந்த முகத்தை ஆறு மாதமாக நான் பார்த்திருக்கவில்லை.

இன்னொரு பறவை இடப்பக்கம் கூவியது. தோளைத் தொட்டேன். புதர் அசைந்தது. அவர் குறி வைத்தார். அதே நொடியில் புதருக்குள்ளிருந்து வளையல் சத்தம், அதோடு ஒரு பெண்குரல்: "ஏய், யாரு அது?" எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவர் அசையவில்லை. விரல் விசையில் இருந்தது. நான் துப்பாக்கிக் குழலின்மேல் விழுந்து அதைக் கீழே அழுத்தினேன். குண்டு மண்ணில் பாய்ந்தது.

புதரை விலக்கிக்கொண்டு ராச்சப்பாவின் மனைவி சித்தம்மா வெளியே வந்தார். கையில் அரிவாள், இடுப்பில் புல்கட்டு. நடந்ததைப் புரிந்துகொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

என் கணவர் அவர் காலடியில் மண்டியிட்டார். "அக்கா, நீங்க கூப்பிட்டது எனக்குக் கேக்கல. எனக்குக் காது போச்சு, அக்கா." என்னைத் தவிர இன்னொருவரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

சித்தம்மா மூச்சு வாங்கிக்கொண்டு, "நனகேனூ ஆகலில்ல, எழுந்திரு தம்பி" என்றார். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிறார். நான் அவர் கையைப் பிடித்து எழுப்பிவிட்டேன்.

என் கணவர் மீதித் தோட்டாக்களை எடுத்துப் பையில் போட்டார். திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். "நீ ஊது. சும்மா பாக்கலாம்" என்றார். வெயில் ஏறும்வரை ஊதினேன். ஒரு கூட்டமே வந்தது. ராகித் தாள்களுக்கு நடுவே ஓடுவதும் நிற்பதும் கழுத்தை நீட்டுவதுமாக. "இப்பக் கூவுதா?" என்று கேட்டார். அவர் மணிக்கட்டில் விரலால் தட்டிக் காட்டினேன்: ஒன்று மெதுவாக, அப்புறம் இரண்டு வேகமாக, மறுபடியும் அப்படியே. கண்ணை மூடிக்கொண்டார். "ஆமாம், அப்படித்தான் இருக்கும்" என்றார்.

மதியம் சாப்பிடாமல் போகச் சித்தம்மா விடவில்லை. ஒரே ஒரு கௌதாரி, நான்கு பேர், தட்டு நிறையக் களி.

மறுநாளே அவர் ஃபோர்மேனிடம் சொன்னார். பயந்தபடி வேலை போகவில்லை. ஸ்டோருக்கு மாற்றினார்கள், சம்பளம் குறைந்தது. துப்பாக்கியைப் போலீஸில் ஒப்படைத்துவிட்டார். அதற்குப் பிறகும் வருஷா வருஷம் ராகி அறுப்பு முடிந்ததும் ஆனேக்கல் போனோம்.

நீங்கள் போவதாக இருந்தால் ஜனவரியில் போங்கள். விடியும்போது அங்கே இருக்க வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் பறவைகள் அடங்கிவிடும். புதரோரம் போகும்போது புல் அறுக்கிறவர்களுக்குக் குரல் கொடுத்துவிட்டு உட்காருங்கள். ஊதலும் வேண்டாம், செல்போனில் பறவைக் குரலைப் போட்டு அவற்றை அலைக்கழிக்கவும் வேண்டாம். தண்ணீர் நிறைய வேண்டும். முடிந்தால் இரண்டு பேராகப் போங்கள். உங்களில் ஒருவருக்கு எதுவும் கேட்கவில்லை என்றால் மற்றவர் அவசரப்படாமல், கையைப் பிடித்து, தட்டிச் சொல்லுங்கள்.