இடப்பக்கச் சக்கரங்கள்

இரண்டாயிரமாவது ஆண்டில் அண்ணன் தன் வெள்ளைக் காருக்கு அலாய் வீல் மாட்டினார். நேரான ஆரங்கள் இல்லை; நடுவிலிருந்து விளிம்பு வரை வளைந்து போகிற, மின்விசிறி இறக்கை போன்ற ஆரங்கள். ஓட்டுநர் பக்கமிருந்து பார்த்தால் மேல் நுனிகள் எதிர்காற்றில் பின்னுக்குச் சாய்ந்ததுபோல இருக்கும். நிற்கும் கார்கூட ஓடுவதாகத் தோன்றும்.

கடை வாசலில் மறுபக்கம் போய்ப் பார்த்தபோது அவர் முகம் மாறியது. நான்கு சக்கரமும் ஒரே அச்சில் வார்த்தவை. வலப்பக்கம் பின்னுக்குச் சாய்ந்த அதே ஆரம் இடப்பக்கம் முன்னுக்குச் சாய்ந்து, வண்டியை இழுத்துப் பிடிப்பதுபோல நின்றது. இந்த டிசைனில் இடம், வலம் என்று தனித்தனியாக வருவதில்லை என்றார் கடைக்காரர்.

ஆஸ்டின் டவுனில் மாடியில் அண்ணனும் அண்ணியும், கீழ்ப் பகுதியில் நான். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"ஏன் சார், இந்தப் பக்கம் ஓசூர் போவுது, அந்தப் பக்கம் மெஜஸ்டிக் போவுது. நடுவுல உக்காந்துகிட்டு நீங்க எங்க போறீங்க?"

அண்ணன் முறைத்தார்.

"சும்னே கேட்டேன் சார்" என்றார் கன்னடம் கலந்து.

"உள்ள உக்காந்தா ரெண்டு பக்கமும் தெரியாதுண்ணா, விடுங்க" என்று அண்ணி மாடியிலிருந்து ஆட்டோக்காரருக்குக் குரல் கொடுத்தார். அப்போது அவருக்குக் குரல் இருந்தது.

அன்றிலிருந்து அண்ணன் தெருவின் மேல்முனை வழியாக மட்டுமே வருவார். எதிர்ச் சுவரை ஒட்டி நிறுத்தினால் நல்ல பக்கம் எங்கள் வீட்டைப் பார்க்கும். கீழ்முனை வழியாக வர நேர்ந்தால் இரண்டு தெரு சுற்றிக்கொண்டு மேலே போய்த் திரும்புவார். எனக்கும் அந்தப் பார்வை தொற்றிக்கொண்டது. நான் வேலை பார்த்த பத்திரிகைக்கு வரும் கார் விளம்பரங்களில் எப்போதும் நல்ல பக்கம்தான் இருந்தது. ஒன்றில் இடப்பக்கத்தைக் காட்ட வலப்பக்கப் படத்தையே திருப்பிப் போட்டிருந்தார்கள். ஸ்டீரிங் இடப்பக்கம் போயிருந்தது.

மறு ஆண்டு மென்பொருள் நிறுவனங்கள் ஆட்களை வேலையைவிட்டு அனுப்பத் தொடங்கின. அந்தச் செய்திகளை நானும் எழுதினேன். அண்ணனும் அப்படியொரு நிறுவனத்தில்தான் இருந்தார்.

"உங்க கம்பெனில எப்படிண்ணா?"

"எங்களுக்கு ஒண்ணும் இல்லடா. நீங்கதான் எழுதி எழுதி பீதி கிளப்புறீங்க."

அண்ணி பள்ளி ஆசிரியை. அவர் குரல்நாணில் முடிச்சு விழுந்திருந்தது. வகுப்பில் கத்துவதை நிறுத்தாவிட்டால் குரல் திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணனின் சம்பளம் இருக்கிற தைரியத்தில் அடுத்த வாரம் ராஜினாமா கொடுப்பதாக இருந்தார்.

அந்த நாட்களில் ஒரு தொழிற்சாலைக் கதவடைப்பைப் பற்றி எழுதப் பொம்மசந்திரா போனேன். நான் சந்திக்கவேண்டிய தொழிலாளி சந்தாபுராவில் இருந்தார். அங்கே ஒரு கல்யாண மண்டபத்தின் காலி மைதானத்தில் வெள்ளைக் கார் ஒன்று நின்றது. தூரத்தில் நம்பர் தெரியவில்லை. ஆரங்கள் முன்னுக்குச் சாய்ந்திருந்தன. இடப்பக்கம், சாலையைப் பார்த்து.

கிட்டே போய்க் கண்ணாடியைத் தட்டினேன். அண்ணன் மடியில் டிபன் பாக்ஸ் திறந்திருந்தது; அண்ணி கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதம்.

"நீ எங்கடா இங்க?"

"கதவடைப்பு. பொம்மசந்திராவில."

"நல்லது. எனக்கும் அதேதான்."

வேலை போனதிலிருந்து, ஆபீஸ் போகிற மாதிரி தினமும் கிளம்பி இங்கே வந்துவிடுகிறாராம்.

"அண்ணி லெட்டர் குடுக்கப்போறாங்க. சொல்லிடுண்ணா."

"சொன்னா அவ வேலைய விடமாட்டா. கத்திக் கத்திக் குரலையே போக்கிப்பா."

"சொல்லலைன்னா? ரெண்டு சம்பளமும் இல்லாம எப்படி?"

"அதுக்குள்ள ஏதாவது கிடைச்சிடும்டா."

"வண்டிய ஏன் இப்படி நிறுத்தியிருக்கே?" என்றேன்.

"எப்படி?"

அவர் கவனிக்கவே இல்லை. வேலை போனதைவிட அதுதான் என்னைக் கலக்கியது.

அன்று மாலை கார் தெருவின் கீழ்முனையிலிருந்து வந்தது. சுற்றிப் போகாமல் நேராக வந்து எதிர்ச் சுவரை ஒட்டி நின்றது. இடப்பக்கச் சக்கரங்கள் எங்கள் வாசலைப் பார்த்தன. ஆட்டோக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து, காருக்குள் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

மாடியில் அண்ணி துணி எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, மாத்தி நிறுத்திட்டீங்க?"

அந்தக் கரகரப்பு எனக்கே அரைகுறையாகத்தான் எட்டியது. அண்ணன் இறங்கவில்லை. அண்ணி கொஞ்ச நேரம் சக்கரங்களையே பார்த்தார். பிறகு துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டுக் கீழே வந்து, முன் கதவைத் திறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடி ஏற்றியிருந்தது. அண்ணனின் வாய் மட்டும் அசைவதைப் பார்த்தேன்.

அண்ணி லெட்டர் கொடுக்கவில்லை. அண்ணனுக்கு வேறு வேலை கிடைக்கும்வரை வகுப்பில் கத்தினார். அது கிடைக்க ரொம்ப நாளானது. இப்போது போனில் அண்ணி பேசினால் முதலில் மூச்சுதான் கேட்கிறது. சொல் அதற்குப் பிறகு வருகிறது.