இன்னொரு சாவி

தையல் கம்பெனியில் காலர் அக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். சட்டைக்குக் காலர் வைப்பதில் அவளை மிஞ்ச அங்கே ஆளில்லை. அவள் வைத்த காலர் விறைப்பாக நிற்கும். அவளோ, யாராவது குரலை உயர்த்தினால் போதும், கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்வாள். மேசையிலிருந்து கத்தரிக்கோல் விழுந்தால்கூட இரண்டு கைகளும் தலைக்குப் போய்விடும். பக்கத்து மிஷின்காரி முதலில் சிரித்தாள். விஷயம் தெரிந்த பிறகு சிரிக்கவில்லை.

கட்டியவன் கை நீட்டுகிறவன். சொந்தபந்தம் எல்லாம் வந்து, "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லி, காபியையும் குடித்துவிட்டுப் போனது. நல்ல சொந்தம்! அனுசரித்து அனுசரித்துச் சுண்டுவிரல் வளைந்துபோனதுதான் மிச்சம். ஒருநாள் போட்டது போட்டபடி கிளம்பி வந்தவளுக்கு, சமூகப் பணியாளர் ஒருத்தி காப்பகத்தில் இடம் வாங்கிக் கொடுத்தாள். வேலையில் சேர்த்துவிட்டாள். பிறகு மாடியில் தனி அறையும் பார்த்துக் கொடுத்தாள். வாராவாரம் வந்து, இவள் பேசினால் கேட்பாள். பேசாவிட்டால் சும்மா உட்கார்ந்திருப்பாள். அந்த வருகையை நம்பித்தான் காலர் அக்காவின் வாரம் ஓடியது.

குடிவந்த அன்று, பணியாளர் ஒரு சாவியை அவள் கையில் வைத்துவிட்டு, இன்னொன்றைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இது என்கிட்ட இருக்கட்டும்மா. உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் உடனே உள்ள வந்துடலாம். எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் இப்படித்தான்."

"சரிங்க மேடம்."

வேறு என்ன சொல்வாள்? சரி சொல்லியே பழகிய வாய்.

அடிவாங்கிய கதையை எல்லாம் சொன்னவள், ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. புருஷன் வேலைக்குப் போகும்போது அவளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவான். சாயங்காலம் பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டால் சுவரோடு ஒட்டி நின்றுகொள்வாள். இன்று என்ன குற்றம் கண்டுபிடிப்பானோ? அடைபட்டுக் கிடந்ததை வெளியே சொல்ல வெட்கம். பூட்டியவனுக்கு இல்லாத வெட்கம் இவளுக்கு!

மேடம் நல்லவள் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் சாவி அந்தப் பையில் கிடக்கிறதே. அவன் ஆபீஸுக்கே போய் நயமாகப் பேசி வாங்கிவிட்டால்? நயமாகப் பேசுவதில் அவன் கெட்டிக்காரன். உள்தாழ்ப்பாளைப் போட்டு, கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்தும் கண் மூட முடியவில்லை. வேலை முடிந்து வந்தால் அதைவிடக் கொடுமை. உள்ளே வந்து உட்கார்ந்திருப்பானோ என்று கதவில் காதை வைத்துக்கொண்டு வெளியே நிற்பாள். திறந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பாள்.

சாவியைக் கேட்கலாம். கேட்டால் மேடம் கோபித்துக்கொண்டு வராமலே போய்விட்டால்? அந்தப் பயம் தனி.

அடுத்த முறை பணியாளர் வந்தபோது, டீயைக் கொடுத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"என்னம்மா, முகமே சரியில்லையே?"

"மேடம்... அந்தச் சாவி." பார்வை மேடத்தின் பைமேல் இருந்தது. "அது எனக்கு வேணும்."

பணியாளர் சட்டென்று பைக்குள் கையை விட்டாள். அந்தக் கை வெளியே வருவதற்குள் காலர் அக்காவின் கைகள் தலையை மூடிக்கொண்டன.

பணியாளர் கையை அப்படியே நிறுத்தினாள். பிறகு மெதுவாகச் சாவியை எடுத்துத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

"உங்களக் கேக்காமலே எடுத்துக்கிட்டேன். தப்பு என்னோடதுதான்மா. இனிமே கதவத் தட்டுறேன். இஷ்டம்னா திறங்க."

அதன் பிறகுதான் பூட்டிவைத்த கதை வெளியே வந்தது, அழுகையும் மூக்குச்சளியுமாக.

"கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்று போகும்போதும் கேட்டாள்.

"மாட்டேம்மா."

நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

மறுவாரம் கதவு தட்டப்பட்டது. கால்கள் பழக்கதோஷத்தில் ஓடின. கூப்பிட்டவுடன் போகாவிட்டால் என்ன கிடைக்கும் என்று உடம்புக்குத் தெரியும். பாதி வழியில் நின்றாள்.

"யாரு?"

"நான்தாம்மா."

"கொஞ்சம் இருங்க."

உள்ளே ஒரு வேலையும் இல்லை. இரண்டு சாவியையும் கைக்குள் இறுக்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். இதோ கதவை உதைக்கப்போகிறார்கள், இதோ கத்தப்போகிறார்கள் என்று காத்திருந்தாள்.

"அவசரமில்லம்மா. மெதுவா வாங்க," என்றது வெளியே குரல்.

காலர் அக்கா இன்னும் கொஞ்ச நேரம் காக்கவைத்தாள்.