விற்ற ட்ரெட்மில்லும் விற்காத கயிறும்

நான் ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரு ட்ரெட்மில் வாங்கித் தந்தார்கள். முப்பத்து நான்கு வருடம் என்னை நாற்காலியோடு சேர்த்தே பார்த்தவர்களின் கிண்டலாக இருக்கலாம். சித்தூர் வீட்டின் பின்னறையில் இரண்டு வருடம் அது என் மனைவியின் புடவைகளை உலர்த்தியது. பிறகு, பழைய பொருள்கள் விற்கும் இணையதளம் ஒன்றில் அதற்கு எட்டுப் பத்தியில் விளம்பரம் போட்டேன். "லாஸ்ட் எவ்ளோ?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "பத்தி நான்கைப் பார்க்கவும்" என்று பதில் எழுதினேன். அதற்குப் பிறகு அவர்கள் எழுதவில்லை.

நான்காம் பத்தியில் இருந்த விலையையும் படித்துவிட்டு வந்தவர் ஒருவர்தான். கங்காதர நெல்லூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். திருப்பதியில் குடியிருந்துகொண்டு ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்வந்தார். அடுத்த மாதம் மருத்துவப் பரிசோதனை. அதில் சர்க்கரையும் எடையும் இறங்கியிருந்தால்தான் வேலை நிரந்தரமாகும்.

"பஸ்ல குந்திக்கினே போயி குந்திக்கினே வரேன் சார். எங்க நடக்கறது?" என்றார்.

ஏறி இரண்டு நிமிடம் நடந்து பார்த்தார். "ஓட்டிப் பார்த்தேன், நன்றாக ஓடுகிறது" என்று ரசீதின் இரண்டு பிரதிகளிலும் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். மனைவி கூடவே நின்று வண்டியில் ஏற்றி அனுப்பினாள்.

மூன்றாம் நாள் இணையதளத்தில் 'பணம் திரும்ப வேண்டும்' என்று அவர் அழுத்தியிருந்தார். காரணம்: ஓடவில்லை. நான் 'மறுப்பு' என்பதை அழுத்தி, ரசீதின் நகலோடு மூன்று பக்கம் பதில் அனுப்பினேன். ஒப்புதலுக்குப் பின் எழும் குறைக்கு விற்பவர் பொறுப்பல்ல என்பதை மூன்று விதமாகச் சொல்லியிருந்தேன். ஒவ்வொன்றும் முந்தியதைவிட நன்றாகவே இருந்தது. அவர் ஒரு வரியில் பதில் போட்டார்: "சார், இன்னிக்கு வெயிட் ஒரு கிலோ ஏறிட்சி."

அதற்கு எந்த விதியில் பதில் எழுதுவது என்று தெரியவில்லை. ஸ்தல ஆய்வுக்குக் கிளம்பினேன்.

திருப்பதியில் அவர் வீட்டுக் கூடத்தில் இயந்திரம் நின்றது. மின்சாரம் வந்தது, திரையில் மூன்று கோடுகள் மின்னின. பட்டை மட்டும் நகரவில்லை. செருகியைப் பார்த்தேன், ஒயரைப் பார்த்தேன், குறிப்பேட்டில் எழுதினேன். அவர்தான் கைப்பிடி நடுவே இருந்த ஒரு குழியைக் காட்டினார்.

"இங்க செவப்பா ஒண்ணு ஒட்டிக்கினு, அதுல ஒரு கவுறு தொங்கினு இருந்துச்சே சார்?"

இருந்தது. அந்தச் சிவப்புத் துண்டு ஒரு காந்தம். கயிற்றின் மறுமுனையைச் சட்டையில் கவ்விக்கொண்டு நடக்க வேண்டும். நடப்பவர் விழுந்தால் கயிறு காந்தத்தை இழுத்து இயந்திரத்தை நிறுத்திவிடும். காந்தம் இல்லாவிட்டால் இயந்திரம் ஓடவே ஓடாது. மனைவிக்குப் போன் போட்டு, சாட்சிக்கு அவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அந்தக் கயிறு எங்கே?"

"சாமி ரூம் ஆணியில மாட்டி வெச்சிக்கீறேன். ஏன்?"

"அதை எதுக்கு எடுத்தே?"

"நல்லா கீதே! மாடு வித்தா கவுறு குடுப்பாங்களா? இத்தினி வருசம் ஆபீஸ்ல இன்னாதான் படிச்சீங்களோ!"

மனைவி சத்தியவேட்டுப் பக்கம். அங்கே மாட்டை விற்றால் பழைய கயிற்றைக் கழற்றி வைத்துக்கொள்வார்கள். அதுவும் சேர்ந்து போனால் வீட்டின் ராசியும் கூடவே போய்விடும் என்று நம்பிக்கை. வாங்குகிறவர்தான் புதுக் கயிறு கொண்டுவந்து கட்டி ஓட்டிப்போக வேண்டும். இவ்வளவும் எனக்குத் தெரியும். ட்ரெட்மில் மாட்டினத்தில் சேரும் என்பதுதான் தெரியாது.

இனி வழக்கில் என் பக்கம் நிற்காது என்று நினைத்தபோது எதிர்த்தரப்பு தலையில் அடித்துக்கொண்டது.

"தப்பு என்னோடதும்மா! எங்க நைனா இருந்திருந்தா திட்டி இருப்பாரு. வெறுங்கையோட வந்து ஓட்டிக்கினு வந்துட்டேன். கவுறு நீங்களே வெச்சிக்கோங்க. அந்த செவப்புத் துண்ட மட்டும் அவுத்துக் குடுங்க. புதுக் கவுறு நான் போட்டுக்கறேன்."

"அப்பிடிச் சொல்லு, பிள்ள!" என்றாள் மனைவி. "இவரு கைல குடுத்து அனுப்பறேன்."

என்னை யாரும் கேட்கவில்லை. மறுநாள் காலை வெற்றிலையில் மடித்த காந்தத்தோடு மறுபடியும் திருப்பதி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் மஞ்சள் நைலான் கயிற்றோடு தயாராக இருந்தார். விரல் தடிமன், எருமையே அறுக்க முடியாது. காந்தத்தைக் கட்டிப் பொருத்தி, மறுமுனையை இடுப்பில் முடிந்துகொண்டு ஏறினார். பட்டை நகர்ந்தது. என் கைப்பேசியில் மனைவி கேட்டாள்: "நடக்குதா?"

"நடக்குதும்மா. முரண்டு புடிக்கல."

பிறகு புகாரைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது இணையதளம். பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "இன்னா சார் போடறது?" என்றார். எந்த மனுவுக்கும் ஒரு தலைப்புக் கண்டுபிடித்துப் பழகிய நான் 'இதர காரணங்கள்' என்று கை காட்டினேன்.

போன வாரம் அவரிடமிருந்து செய்தி வந்தது. "மெடிக்கல் பாஸ். பர்மனென்ட் ஆயிட்சி. எல்லாம் அம்மாவாலதான். சொல்லிடுங்க சார்."

சொன்னேன். சாமி அறை ஆணியில் தொங்கும் கயிற்றைப் பார்த்துவிட்டு, "உங்க பீரோவையும் விளம்பரத்துல போடுங்க" என்றாள் மனைவி. அந்த ஆணியில் இன்னும் இடம் இருக்கிறது. பீரோவின் சாவியை இப்போது நான் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.