விளக்கை அணைத்த மண்டபம்

ஜார்ஜ்டவுனில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு, ஏர்கோன் குளிரூட்டி இல்லாத மண்டபம் வரைந்து கொடுத்தவன் நான். கடல் பக்கம் தாழ்வான சன்னல்கள், சூடு வெளியேறக் கூரை உச்சியில் திறப்புகள், மேற்கு வெயிலை மறிக்கச் சுவரைத் தாண்டி நீளும் அகலமான இறவாரம். கூட்டத்தில் இதை நான் விளக்கியபோது என் மனைவி உட்பட எல்லாரும் கொட்டாவி விட்டார்கள்.

தலைவர் மட்டும் விழித்திருந்தார். "தம்பி, திறப்பு விழாவுல ஒருத்தருக்கு வேர்த்தாலும், மறுநாளே அந்த ஓட்டையெல்லாம் மூடி ஏர்கோன் மாட்டிருவேன்லா!"

விழா அன்று உச்சி வெயில். தலைவர் வியர்வை துடைக்கத் தோளில் பெரிய துவாலையோடு வந்தார். வேர்த்தது எனக்கு மட்டும்தான், அதுவும் பயத்தில். முதுகைச் சுவரோடு ஒட்டி மறைத்துக்கொண்டேன்.

மகளிர் பிரிவு அக்கா குத்துவிளக்கை ஏற்றினார். அணைந்தது. மறுபடி ஏற்றினார், மறுபடியும் அணைந்தது. சபையில் முணுமுணுப்பு.

"யாருலா ஃபேன் போட்டது? அடைங்க!" என்று தலைவர் கத்தினார்.

"ஒரு ஃபேனும் ஓடலண்ணே. இது கடல் காத்து" என்றார் அக்கா.

பின்வரிசையில் தொடங்கிய சிரிப்பு மண்டபம் முழுக்கப் பரவியது. தலைவர் கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு துவாலையை உதறி, விளக்குக்கு மறைப்பாக இரு கைகளாலும் விரித்துப் பிடித்தார். ஐந்து திரிகளும் எரிந்தன.

"ஏர்கோன் வேணாம் தம்பி. இங்க ஒரு தடுப்பு மட்டும் போட்டுக் குடு."

வெயிலையும் காற்றையும் கணக்கில் எடுத்த நான், நம்மவர்கள் முதலில் விளக்கேற்றுவார்கள் என்பதை மறந்திருந்தேன். இப்போதெல்லாம் எதை வரைந்தாலும் விளக்குக்குத்தான் முதலில் இடம் குறிக்கிறேன். அதை அணைக்கிற அளவுக்குக் காற்று வரட்டும் என்று மனத்துக்குள் வேண்டிக்கொண்டே.